அம்மா இருக்கும் வீட்டுக்கு எத்தனை தகடு?

கேள்வி: டோஹாவில் எண்ணெய் ஆலையில் கருவித்துறை டெக்னீஷியனாக இருக்கிறேன். சொந்த வீடு மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த்தில். இரட்டை மாடி வரிசை வீடு, கான்கிரீட் ஓட்டுக் கூரை, கட்டி 28 வருடம் ஆகிறது. சிங்கிள் பேஸ் இணைப்பு. 71 வயது அம்மா தனியாக இருக்கிறார், தங்கை குடும்பம் சனி ஞாயிறு வந்து தங்கும். மாதம் 480 யூனிட் ஓடுகிறது. வரும் ஜனவரியில் மூன்று வார விடுமுறை கிடைக்கும். 580 வாட் சோலார் தகடு ஒன்பது, பேட்டரியோடும் ஓடும் 5 கிலோவாட் ஹைபிரிட் இன்வெர்ட்டர், லித்தியம் பேட்டரி எல்லாவற்றையும் இணையத்தில் வாங்கி, மைத்துனரைத் துணைக்கு வைத்துக்கொண்டு நானே மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன். மின்வேலை எனக்குப் புதிதல்ல. கரண்டு போனாலும் கேமராவும் வைஃபையும் நிற்கக் கூடாது. மீதி மாதங்களில் இங்கிருந்தபடியே எப்படிப் பார்த்துக்கொள்வது?

பதில்: வணக்கம். இன்னும் எதையும் வாங்கவில்லை என்றால் நல்லது, ஏனென்றால் உங்கள் பட்டியலில் பாதி தேவையில்லை. கூரைத் தகடு ஆறு போதும். பெரிய பேட்டரி வேண்டாம். கூரை வேலையையும் மின்நிறுவனமான டி.என்.பி.யின் இணைப்பையும் உரிமம் உள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள். கேமரா, வைஃபை, அவசர விளக்கு இவற்றுக்கான 12 வோல்ட் அமைப்பைத் தனியாக நீங்களே செய்யுங்கள், அதில் உங்கள் கைவேலைக்கு நிறைய இடம் இருக்கிறது.

ஆறு ஏன் போதும் என்பதிலிருந்து தொடங்குகிறேன். கூரைச் சோலாருக்கான பழைய நெம் திட்டத்தில் வெளியே அனுப்பிய ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழிந்தது, மிச்சம் அடுத்த மாதத்துக்கும் போனது. அதனால் கூரை கொள்ளும் அளவுக்குத் தகடு அடுக்குவதில் அர்த்தம் இருந்தது. வீடுகளுக்கான அந்தத் திட்டம் 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடிவிட்டது. அதன் இடத்தில் வந்திருப்பது சோலார் அதாப். மலாயில் அதாப் என்றால் கூரை. இதில் நீங்கள் வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைப்பது எரிசக்திக் கட்டணம் மட்டும்தான்: 1,500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 27.03 சென். உள்ளே வாங்கும் யூனிட்டுக்கு நீங்கள் கொடுப்பதோ அதோடு கொள்ளளவுக் கட்டணம் 4.55 சென்னும் வலையமைப்புக் கட்டணம் 12.85 சென்னும் சேர்த்து 44.43 சென். அந்த மாதத்து பில்லைத் தாண்டிய வரவு அடுத்த மாதத்துக்குச் சேராது, அங்கேயே முடிந்துவிடும். ஆகவே பகலில் வீட்டுக்குள்ளேயே செலவாகும் யூனிட்டுக்குத்தான் முழு மதிப்பு.

உங்கள் வீட்டுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 480 யூனிட் என்றால் நாளுக்கு 16. அம்மா இரவில்தான் ஏர்கோன் போடுவார் என்று வைத்துக்கொண்டால், பகலில் குளிர்பெட்டி, மின்விசிறி, சமையல், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் சேர்ந்து ஐந்து, ஐந்தரை யூனிட். பினாங்கு வெயிலுக்கு ஒரு கிலோவாட் தகடு ஆண்டுச் சராசரியாக நாளுக்குச் சுமார் 3.5 யூனிட் தரும். ஒன்பது தகடு 5.22 கிலோவாட், நாளுக்கு 18 யூனிட். அதில் ஐந்தரை வீட்டுக்குள், பன்னிரண்டரை வெளியே. மாதத்துக்கு வெளியே போவது 375 யூனிட், அதற்கு வரவு சுமார் 101 ரிங்கிட். ஆனால் நீங்கள் இரவில் வாங்கும் 315 யூனிட்டுக்கு பில்லே 140 ரிங்கிட்தான். 1,000 யூனிட்டுக்குள் பயன்படுத்துவோருக்கான தள்ளுபடியும் கழிந்தால் அது 100 ரிங்கிட்டுக்குக் கீழே இறங்கிவிடும். வரவு பில்லைத் தாண்டுகிறது. கடைசி மூன்று தகடுகள் உழைப்பதில் ஒரு பகுதி யாருக்கும் பயனில்லாமல் போகிறது. ஆறு தகடு போட்டால் 3.48 கிலோவாட், நாளுக்கு 12 யூனிட், வெளியே போவது ஆறரை, மாத வரவு சுமார் 53 ரிங்கிட். அது முழுக்கக் கழியும்.

அந்தத் தள்ளுபடியைப் பற்றி இன்னொன்று. பயன்பாடு குறையக் குறைய யூனிட்டுக்கான தள்ளுபடி கூடும் என்பதால், உங்கள் வீட்டைப் போல நடுத்தரமாக ஓடும் வீடு உண்மையில் கட்டும் விலை 44.43 சென்னுக்கு நன்றாகக் கீழே இருக்கும். "நான்கு வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும்" என்று விற்பனையாளர் காட்டும் அட்டவணையில் தள்ளுபடி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்திருந்தால் கூரைத் தகடே வேண்டாம் என்று எழுதியிருப்பேன். பில்லே முப்பது ரிங்கிட் என்றால், கழிவதற்கும் அதற்கு மேல் ஒன்றுமில்லை. வெளிநாட்டில் இருந்துகொண்டு பூட்டிய வீட்டுக்குச் சோலார் போட நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உங்கள் வீட்டில் அம்மா இருக்கிறார், அதனால்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. துணி துவைப்பதையும் சோறு வடிப்பதையும் பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பகல் தூக்கத்துக்கு ஏர்கோன் போட அம்மா தயங்கிக்கொண்டிருந்தால், இனி தாராளமாகப் போடட்டும்.

அடுத்து, நீங்களே மாட்டுவது. உங்கள் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் வழி இல்லை. அதாப் விண்ணப்பம் நீடித்த எரிசக்தி வளர்ச்சி ஆணையமான செடாவில் பதிவு பெற்ற சோலார் நிறுவனம் வழியாகப் போக வேண்டும். வீட்டு மின்பெட்டியில் கை வைப்பவரிடம் எரிசக்தி ஆணையத்தின் வயர்மேன் உரிமம் இருக்க வேண்டும். இதைத் தவிர்க்க, 13 ஆம்பியர் சாக்கெட்டில் செருகினால் போதும் என்று இணையத்தில் விற்கும் சிறிய இன்வெர்ட்டரை வாங்காதீர்கள். டி.என்.பி.க்குத் தெரியாமல் மின்சாரம் வெளியே போனால், பல மின்னணு மீட்டர்கள் அதையும் உள்ளே வந்ததாகவே எண்ணும். மிச்சம் பிடிக்க வைத்தது பில்லை ஏற்றிவிடும். பின்னால் தீ விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் கேட்பதும் இந்த இணைப்பைப் பற்றித்தான்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், ஆபத்து எங்கே என்று ஆலையில் வேலை செய்யும் உங்களுக்குச் சொன்னால் புரியும். ஆறு தகடு தொடராக இணைந்தால் திறந்த நிலையில் 309 வோல்ட் டி.சி., மின்னோட்டம் 13, 14 ஆம்பியர். வீட்டு மின்சாரமான ஏ.சி.யில் மின்வீச்சு நொடிக்கு நூறு தடவை சுழியைத் தொடுவதால் தீப்பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. ஒரே திசையில் ஓடும் டி.சி.யில் அது கிடையாது. இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது தகட்டுக் கம்பிகளைக் கோர்க்கும் எம்.சி.4 என்ற செருகுமுனை ஒன்றைப் பிடுங்கினால், இரண்டு முனைக்கும் நடுவே பொறி கம்பி போல நீண்டு நிற்கும். பிளாஸ்டிக் உருகும்வரை நிற்கும். வெயில் இருக்கும்வரை தகட்டிலிருந்து வரும் வோல்ட்டை நிறுத்த மெயின் சுவிட்சும் கிடையாது.

கூரையில் தீ பிடிப்பதற்குப் பெரும்பாலும் தகடு காரணமாக இருப்பதில்லை, முக்கியக் காரணங்களில் ஒன்று இந்த எம்.சி.4. தகட்டோடு வரும் முனை ஒரு பிராண்டு, நிறுவுபவர் கொண்டுவரும் முனை வேறு பிராண்டு. இரண்டும் "கிளிக்" என்று பொருந்தும், கையால் இழுத்தாலும் வராது. ஆனால் உள்ளே இருக்கும் உலோகக் குழலும் ஊசியும் ஒரே அளவில் கடைந்தவை அல்ல. தொடும் பரப்பு குறைகிறது, அங்கே சூடு ஏறுகிறது, பகலில் விரிந்து இரவில் சுருங்கி இன்னும் தளர்கிறது. இரண்டு வருடம் கழித்து ஒரு மதியம் கருகுகிறது. ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்: எல்லா எம்.சி.4 முனைகளும் தகட்டில் இருக்கும் அதே பிராண்டு, அதற்குரிய கிரிம்பிங் கருவியால் அழுத்தியவை. சாதாரணக் குறடால் நசுக்கிய முனையைக் கண்டுபிடிப்பது சுலபம்: செப்பு இழைகள் குழலுக்கு வெளியே பிதுங்கித் தெரியும், குழல் தட்டையாக இருக்கும். சரியான கருவி போட்டால் இரண்டு காதுகளும் உள்ளே சுருண்டு இழைகளைக் கவ்வியிருக்கும். மூடுவதற்கு முன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கூரை. 28 வருடத்து வீடு என்பதால் ஓட்டைத் தொடுவதற்கு முன் மரச்சட்டத்தைப் பாருங்கள். மேல்மாடி மச்சுத் திறப்பு வழியாக ஏறி, ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால் ஒவ்வொரு சட்டத்தையும் தட்டினால் போதும். டொக்கென்று பொத்தலாக ஒலித்தால், மண் கோடு ஏறியிருந்தால், கரையான். ஆறு தகடும் அவற்றைத் தாங்கும் தண்டவாளமும் சேர்த்து 190 கிலோ, 15.5 சதுர மீட்டரில் பரவினால் சதுர மீட்டருக்கு 12 கிலோதான். நல்ல சட்டத்துக்கு அது ஒரு பாரமே இல்லை. அரித்த சட்டத்துக்கு அதுவே கூடுதல்.

ஒழுகல்தான் சோலார் வீடுகளில் அதிகம் கேட்கும் புகார், காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். தண்டவாளத்தைப் பிடிக்கும் கொக்கியை, ஓடு உட்காரும் ரீப்பரில் திருகி, மேல் ஓட்டை அப்படியே அதன்மேல் வைத்துவிடுகிறார்கள். கொக்கியின் கனம் ஆறு, ஏழு மில்லிமீட்டர், ஓடு அந்த அளவுக்குத் தூக்கி நிற்கிறது. சாதாரண மழையில் ஒன்றும் தெரியாது. விடியற்காலையில் ஜலசந்தியைக் கடந்து சுமத்ரா காற்று வரும்போது மழை கிடையாக அடிக்கும், அந்த இடுக்கில் தண்ணீர் ஏறி உள்ளே இறங்கும். சரியான முறையில் மேல் ஓட்டின் அடிப்பக்கத்தைக் கொக்கி உட்காரும் அளவுக்கு கிரைண்டரால் செதுக்க வேண்டும், ஓடு பழையபடி படிய வேண்டும். கொக்கி ரீப்பரில் அல்ல, அதன் கீழுள்ள சட்டத்தில் இரண்டு திருகாணியால் பிடிக்க வேண்டும். கொக்கிகளுக்கு இடையே 1.2 மீட்டருக்கு மேல் போக வேண்டாம். சிலிக்கானைப் பிதுக்கி அடைப்பதை ஏற்காதீர்கள், நம் வெயிலில் அது நாளடைவில் உரிந்துவிடும். வேலைக்கு வரும் பையன்கள் ஓட்டின் நடுவில் மிதித்தால் உடையும். கீழ் வரிசை ஓட்டின்மேல் படியும் கீழ்மூன்றில் ஒரு பங்கில்தான் மிதிக்க வேண்டும். அதே நிற ஓடு பத்தை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள், 28 வருடத்து அச்சு இப்போது சுலபமாகக் கிடைக்காது.

பட்டர்வொர்த் கடற்கரையை ஒட்டிய ஊர் என்பதால் போல்ட், நட்டு எல்லாம் 316 தர எவர்சில்வராக இருக்கட்டும். தண்டவாளம் அனோடைஸ் செய்த அலுமினியம். கம்பியைக் கட்ட பிளாஸ்டிக் டை போட்டால் வெயிலில் முறிந்து கம்பி ஓட்டில் கிடந்து உரசும். எவர்சில்வர் கிளிப் கேளுங்கள், விலை வித்தியாசம் பெரிதல்ல.

எந்தச் சரிவு என்று பலர் குழம்புவார்கள். பினாங்கு பூமத்திய ரேகையிலிருந்து ஐந்தரை டிகிரிதான் வடக்கே. வடக்குச் சரிவுக்கும் தெற்குச் சரிவுக்கும் ஆண்டு முழுதும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. நிழலைப் பாருங்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, உங்கள் வீட்டு ஆஸ்ட்ரோ டி.வி. தட்டு. தட்டின் நிழல் ஒரு தகட்டின் மூலையில் விழுந்தாலே அந்தத் தகட்டில் மூன்றில் ஒரு பங்கு துண்டிக்கப்படும். தட்டைச் சுவருக்கு மாற்ற ஒரு மணி நேர வேலைதான். வரிசை வீடு என்பதால் பொதுச் சுவரின் மேல் தகட்டை நீட்ட வேண்டாம்.

இன்வெர்ட்டர் 3 கிலோவாட் போதும், ஹைபிரிட் தேவையில்லை. வெயில் படாத கார் போர்ச்சு சுவரில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், மேலும் கீழும் அரை மீட்டர் வெற்றிடம் விட்டு. கம்பி நுழையும் ஓட்டைகளை இறுக்கமாக அடைக்க வேண்டும். பல்லியும் எறும்பும் சூடான இடத்தைத் தேடி உள்ளே போய்ப் பலகையை ஷார்ட் செய்வது இங்கே சாதாரணம். ஏ.சி. பக்கம் 20 ஆம்பியர் எம்.சி.பி. (மிகைமின்னோட்டத்தில் தானே விழும் சுவிட்ச்), கம்பி 6 சதுர மி.மீ. மின்னோட்டம் 13 ஆம்பியர்தானே, 4 சதுர மி.மீ. போதாதா என்று கேட்பார்கள். சுமை தாங்கும். ஆனால் வெயில் உச்சியில் தெருவில் நாலைந்து வீடு மின்சாரத்தை வெளியே தள்ளும்போது லைன் வோல்ட் 250-ஐத் தொடும். 253-ஐத் தாண்டினால் இன்வெர்ட்டர் தானாக நிற்கும். 15 மீட்டர் ஓட்டத்துக்கு 4 சதுர மி.மீ. கம்பியில் 2.1 வோல்ட் ஏறும், 6 சதுர மி.மீ. கம்பியில் 1.4. அந்த முக்கால் வோல்ட்டில் ஒரு மதியம் முழுதும் தப்பலாம்.

இடி. மேற்குக் கரையில் இதைக் கூடுதல் அம்சமாக நினைக்கக் கூடாது. டி.சி. பக்கம் 600 வோல்ட்டுக்கான இரண்டாம் வகை மின்னெழுச்சித் தடுப்பான், ஏ.சி. பக்கம் 275 வோல்ட்டுக்கான இன்னொன்று. பூமிக் கம்பியின் தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும், மீட்டர் வைத்து அளந்த படம் வேண்டும். தடுப்பானிலிருந்து பூமிக்குப் போகும் கம்பி அரை மீட்டருக்குள் நேராக இறங்க வேண்டும். பெட்டிக்குள் அழகுக்காக இரண்டு சுற்று சுற்றி விட்டால் தடுப்பான் இருந்தும் பயனில்லை.

கரண்டு போனால் என்ன ஆகும் என்பதைப் பலர் பணம் கட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள். டி.என்.பி. லைனில் மின்சாரம் இல்லை என்றால் கூரைத் தகடும் நின்றுவிடும், நல்ல வெயில் அடித்தாலும். லைனில் வேலை செய்யும் ஊழியர் சாகாமலிருக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். இதற்காகப் பெரிய பேட்டரி வாங்கலாமா? தீபகற்பத்தில் ஒரு வீட்டுக்கு ஓராண்டில் மின்சாரம் நிற்கும் நேரம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதற்குப் பல ஆயிரம் ரிங்கிட் போட வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் அடிக்கடி "கரண்டு போகிறது" என்றால், அது பெரும்பாலும் இடிக்கு ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுவதுதான். ஆளில்லாத நேரத்தில் விழுந்தால் குளிர்பெட்டியில் இருப்பதெல்லாம் கெட்டுவிடும். சோதித்துப் பார்த்துத் தானே மறுபடி ஏறிக்கொள்ளும் ஆர்.சி.சி.பி. கிடைக்கிறது. வயர்மேன் பெட்டியைத் திறக்கும் அன்றே அதையும் போடச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கைவேலை. கேமரா நான்கு, பதிவுப் பெட்டி, வைஃபை, பைபர் மோடம் எல்லாம் சேர்த்து 45 வாட் இருக்கும். கேட்க அற்பமாகத் தோன்றும், ஆனால் 24 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 1.08 யூனிட், ஒரு குளிர்பெட்டிக்கு நிகர். சிறிய அமைப்புகள் பெரும்பாலும் தோற்பது இந்தக் கணக்கில்தான். 100 வாட் தகடு ஒன்றை வாங்கி வைத்துவிட்டு, மூன்றாம் நாள் இரவு கேமரா நின்றுவிட்டது என்பார்கள். முதலில் சுமையைக் குறையுங்கள். முன்வாசலுக்கும் பின்கட்டுக்கும் ஒன்றாக இரண்டு கேமரா, பதிவு உள்ளேயே மெமரி கார்டில். வைஃபை 10, மோடம் 7, கேமரா இரண்டும் 9, ஆக 26 வாட், நாளுக்கு 0.62 யூனிட்.

இதற்கு 200 வாட் தகடு இரண்டு, தொடராக. திறந்த நிலையில் 48 வோல்ட், உயிருக்கு ஆபத்தில்லாத அளவு. போர்ச்சின் தகரக் கூரையில் ஏணி வைத்து நீங்களே மாட்டலாம், ஓட்டுக் கூரைக்கு ஏற வேண்டாம். எல் வடிவக் காலுக்கு அடியில் ரப்பர் பட்டை வைத்து, தகரத்தின் மேட்டில் திருகுங்கள், பள்ளத்தில் அல்ல. திருகாணி தகரத்தோடு நிற்காமல் அடியிலுள்ள இரும்புச் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். 10 டிகிரியாவது சாய்வு இருந்தால் மழை கழுவிவிடும். சார்ஜ் கன்ட்ரோலர், தகட்டிலிருந்து அதிகபட்ச சக்தியை எடுக்கும் எம்.பி.பி.டி. வகை, 100 வோல்ட் 30 ஆம்பியர். பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட், 12.8 வோல்ட் 100 ஆம்பியர் மணி. வெயிலே இல்லாமல் ஒன்றேமுக்கால் நாள் தாங்கும். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு 10 சதுர மி.மீ. கம்பி, ஒரு மீட்டருக்குள். பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 40 ஆம்பியர் பியூஸ். 12 வோல்ட்தானே என்று இந்தப் பியூஸை விட்டுவிடாதீர்கள். ஷாக் அடிக்காது, ஆனால் ஒரு ஸ்பானர் குறுக்கே விழுந்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடி ஸ்பானரே சிவக்கும். டி.சி. பிரேக்கர் வாங்கினால் உடம்பில் நேர், எதிர்க் குறி இருக்கிறதா பாருங்கள். குறி உள்ளதைத் தலைகீழாக மாட்டினால் சாதாரணமாக ஓடும், துண்டிக்க வேண்டிய நாளில் உள்ளேயே எரியும்.

இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு தகடு. கழற்றும்போது முதலில் தகடு. கன்ட்ரோலர் ஈய பேட்டரிக்கான அமைப்போடு வரும், லித்தியத்துக்கு மாற்றுங்கள்: சார்ஜ் 14.2 வோல்ட், மிதப்பு 13.5, சமன் சார்ஜையும் வெப்ப ஈடையும் அணைத்துவிடுங்கள். சுமை 12.0-இல் துண்டித்து 12.8-இல் திரும்பட்டும். வைஃபைக்கும் கேமராவுக்கும் பேட்டரியிலிருந்து நேராகக் கம்பி இழுக்காதீர்கள். சார்ஜ் ஏறும்போது 14 வோல்ட்டுக்கு மேல் போவதை அந்தச் சிறு பெட்டிகள் தாங்காது. நிலையாக 12 வோல்ட் தரும் மாற்றி, 5 ஆம்பியர், ஒன்று நடுவில் இருக்கட்டும். அதிலேயே 5 வாட் எல்.இ.டி. இரண்டு, படிக்கட்டில் ஒன்று, குளியலறை வாசலில் ஒன்று. அம்மா இரவில் தடுமாறாமல் இருக்க நீங்கள் கேட்ட 5 கிலோவாட் ஹைபிரிட்டை விட இந்த இரண்டு விளக்கும் உதவும். பேட்டரியை மச்சில் வைக்காதீர்கள், மதியம் அங்கே 50 டிகிரியைத் தாண்டும். கீழே ஸ்டோர் அறைச் சுவரில், முழங்கால் உயரத்தில்.

மூன்று வாரத்தை எப்படிப் பிரிப்பது? ஜனவரி நல்ல தேர்வு. பினாங்கில் அக்டோபர், நவம்பர் மழை ஓய்ந்து கூரை காய்ந்திருக்கும். ஆனால் தைப்பூசமும் சீனப் புத்தாண்டும் அந்தப் பக்கமே வருவதால் வேலையாட்கள் கிடைப்பது இறுகும், நாளை இப்போதே குறியுங்கள். விண்ணப்பத்தை டோஹாவிலிருந்தே தொடங்கிவிடுங்கள். முதலில் டி.என்.பி. கணக்கு யார் பெயரில் என்று பாருங்கள். நம் வீடுகளில் பாதி இன்னும் மறைந்த அப்பா பெயரில்தான் ஓடுகிறது. பெயர் மாற்றாமல் விண்ணப்பம் நகராது, அதற்கு அம்மா நேரில் போக வேண்டியிருந்தால் தங்கை கூட்டிப் போகட்டும். விடுமுறையின் முதல் வாரம் உங்கள் 12 வோல்ட் வேலை, இரண்டாம் வாரம் கூரை. அது இரண்டு நாள் வேலை, நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். மூன்றாம் வாரத்தைப் பிழை திருத்த விட்டுவையுங்கள். பணத்தை மூன்று தவணையாகப் பிரித்து, கடைசி 20 சதவீதத்தை டி.என்.பி. மீட்டர் மாற்றிய பிறகு மட்டும் கொடுங்கள். நீங்கள் விமானம் ஏறிய பின் நிறுவனத்தாரை வரவழைக்கும் ஒரே பிடி அதுதான்.

கூரை வேலை முடியும் நாளில் நீங்களே செய்ய வேண்டிய சோதனை ஒன்று. இன்வெர்ட்டரின் டி.சி. சுவிட்ச் அணைந்திருக்கும்போது வரிசையின் திறந்த வோல்ட்டை அளக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். பெட்டியில் எழுதியபடி 309 வராது. மதியம் தகடு 60 டிகிரியில் இருக்கும், 25-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் கால் சதவீதம் குறையும். 280 பக்கத்தில் வந்தால் சரி. 235 பக்கத்தில் வந்தால் ஒரு தகடு சுற்றிலேயே இல்லை, ஏணியை எடுத்துவிடாதீர்கள் என்று சொல்லுங்கள்.

தூரத்திலிருந்து பார்ப்பதற்கு: இன்வெர்ட்டர் செயலியின் உரிமையாளர் கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும், நிறுவனத்தாருடையதில் வேண்டாம். நிறுவனம் மூடினால் தரவும் போய்விடும். செயலி திடீரென்று இருண்டால் முதலில் வைஃபையைச் சந்தேகியுங்கள். யாரோ கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள், தகடு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மாதம் 360 யூனிட் எதிர்பாருங்கள். அக்டோபர், நவம்பரில் குறையும், சுமத்ரா புகைமூட்டம் வரும் ஆண்டுகளில் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலும் குறையும். வானம் சரியாக இருக்கும் மாதத்தில் 280-க்குக் கீழே போனால் ஆளை அனுப்புங்கள். மதியம் மட்டும் ஒரு மணி நேரம் பூஜ்யமாகி மறுபடி ஏறினால் அது 253 வோல்ட் விவகாரம், தகட்டின் மேல் பழி போடாதீர்கள்.

மாதம் ஒருமுறை தங்கையிடம் ஒரே ஒரு படம் கேளுங்கள்: மின்னெழுச்சித் தடுப்பானின் சிறு ஜன்னல். பச்சையாக இருந்தால் போதும். சிவந்திருந்தால் அது ஒரு இடியை வாங்கிக்கொண்டது, அடுத்ததை வாங்காது, உடனே மாற்ற வேண்டும். டோஹாவில் தகட்டின் எதிரி தூசி. இங்கே மைனாவும் புறாவும். தகட்டின் கீழே கூடு கட்டாமல் சுற்றி வலை அடிக்கச் சொல்லுங்கள், விளிம்பில் பாசி பிடிக்கிறதா என்று வருடம் இருமுறை பார்த்தால் போதும். காலை எட்டு மணிக்கு முன், சாதாரணத் தண்ணீர், நீண்ட கைப்பிடி மாப். உச்சி வெயிலில் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடலாம், அழுத்த நீர்ப்பீச்சி வேண்டவே வேண்டாம்.

வீட்டுத் தீக் காப்புறுதி நிறுவனத்துக்குத் தகடு வைத்ததை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் மின்பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள், தமிழில், அம்மா கண்ணாடி போடாமலே படிக்கும் அளவு எழுத்தில்: கருகல் வாடை, புகை, விநோதச் சத்தம் எது வந்தாலும் முதலில் "சோலார்" என்று எழுதிய எம்.சி.பி.யை இறக்கு, பிறகு இன்வெர்ட்டரின் கீழுள்ள கறுப்பு டி.சி. சுவிட்சைத் திருப்பு, கம்பி எதையும் பிடுங்காதே, வெளியே வா, தங்கைக்குப் போன் செய். ஊருக்குக் கிளம்பும் முன் அம்மாவை ஒருமுறை அந்த வரிசையில் தன் கையாலேயே அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.